உயர் வருமானம், முதலீடு, வருமான வரி: சேலம், ஏற்காடு பகுதியினர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலம் மாவட்டத்தில் வசதியான ஒரு குடும்பத்தின் வருமானம் பெரும்பாலும் ஒரே வழியில் வருவதில்லை. லீ பஜாரில் மண்டி, செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை, ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலை, ஏற்காட்டில் காப்பித் தோட்டம், நகரத்தில் வாடகைக்கு விட்ட கட்டடம், டீமேட் கணக்கில் பங்குகள் என்று அது பல வழிகளில் வந்து சேர்கிறது. இவை ஒவ்வொன்றுக்கும் சட்டம் வெவ்வேறு கணக்கு வைத்திருக்கிறது. ஆடிட்டராக நான் பார்த்த வரையில், பெரிய தொகை வீணாவது வரி விகிதத்தால் அன்று. எந்த வருமானம் எந்த வகையைச் சேரும் என்பதை விற்பனைக்கும் பத்திரப்பதிவுக்கும் முன்பே தீர்மானிக்காமல் விட்டுவிடுவதால்தான். ஆகவே இங்குள்ள பதில்கள் அந்தப் பிரிவினையைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

கீழே உள்ள விகிதங்கள் 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான வருமானத்துக்கு உரியவை. பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் எண்கள். 2026 ஏப்ரல் 1 முதலான வருமானத்துக்குப் பொருந்தும் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இந்த எண்கள் வேறு.

ஆண்டு வருமானம் ஐம்பது லட்சத்தைத் தாண்டிவிட்டது. புதிய வரிமுறையா, பழைய வரிமுறையா?

பழைய முறையில் சேமிப்பு, வீட்டுக்கடன் வட்டி போன்றவற்றை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம்; புதிய முறையில் அந்தக் கழிவுகள் பெரும்பாலும் இல்லை, விகிதம் குறைவு. பெரும்பாலான வியாபாரிகளுக்குப் புதிய முறையே குறைவான வரியைத் தருகிறது. அதில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அதன்பின் ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 சதவீதம் என்று ஏறி, 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம் ஆகிறது. 24 லட்சம் வரைக்குமான வரி புதிய முறையில் 3,00,000 ரூபாய்; அதே வருமானத்துக்கு அறுபது வயதுக்குட்பட்டவர் பழைய முறையில் எந்தக் கழிவும் இல்லாமல் செலுத்த வேண்டியது 5,32,500 ரூபாய். இந்த 2,32,500 ரூபாய் இடைவெளியை 30 சதவீத விகிதத்தில் ஈடுகட்ட வேண்டுமானால், உங்களுக்கு ஏறக்குறைய 7.75 லட்சம் ரூபாய் அளவுக்குக் கழிவுகள் இருக்க வேண்டும். 80சி பிரிவின் 1.5 லட்சம், தேசிய ஓய்வூதியத் திட்டத்தின் 50,000, மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம், வீட்டுக்கடன் வட்டியின் 2 லட்சம் ஆகிய எல்லாவற்றையும் கூட்டினாலும் பெரும்பாலோருக்கு அது 5 லட்சத்தைத் தாண்டுவதில்லை.

வரியின் மேல் வரும் சர்சார்ஜ் 50 லட்சத்துக்கு மேல் 10 சதவீதமும், ஒரு கோடிக்கு மேல் 15 சதவீதமும், இரண்டு கோடிக்கு மேல் 25 சதவீதமும் ஆகும். ஐந்து கோடிக்கு மேல் பழைய முறையில் அது 37 சதவீதமாக உயர்கிறது. புதிய முறையில் 25 சதவீதத்திலேயே நின்றுவிடுகிறது. 4 சதவீத செஸ்ஸையும் சேர்த்தால் உச்ச விகிதம் புதிய முறையில் 39 சதவீதம், பழைய முறையில் 42.744 சதவீதம். வருமானம் இந்த வரம்புகளைச் சிறிதளவே தாண்டியிருந்தால், தாண்டிய தொகையை விட வரி கூடுதலாகப் போகாதபடி விளிம்பு நிவாரணம் உண்டு என்பதால், ஐம்பதாயிரம் ரூபாய் கூடிவிட்டதே என்று பதற வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் நன்றாக நினைவில் வைக்க வேண்டும். வியாபார வருமானம் உள்ளவர் பழைய முறைக்குப் போவதாகப் படிவம் 10-ஐஇஏ தாக்கல் செய்துவிட்டால், அதன்பின் ஒரு முறைதான் புதிய முறைக்குத் திரும்ப முடியும். திரும்பிய பிறகு, வியாபார வருமானம் இருக்கும் வரை மீண்டும் பழைய முறைக்குப் போக வழியில்லை. சம்பளம், வாடகை, முதலீட்டு வருமானம் மட்டுமே உள்ளவருக்கு ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கிறது.

ஏற்காட்டில் எங்களுக்குக் காப்பித் தோட்டம் இருக்கிறது. காப்பி விவசாயம்தானே, அதற்கு ஏன் வரி?

சேர்வராயன் மலையில் காப்பி பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், காக்பர்ன் என்ற சேலம் கலெக்டரின் காலத்தில் வந்தது. அன்று முதல் வழிவழியாகத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பங்களில் "தோட்டத்து வருமானத்துக்கு வரி கிடையாது" என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அது பாதி உண்மை. மீதிப் பாதியை வருமான வரி விதிகளின் 7பி விதி தீர்மானிக்கிறது.

பறித்த காப்பியைப் பதப்படுத்தும் ஆலைக்கு அனுப்பாமல், பழமாகவோ உலர்த்திய கொட்டையாகவோ விற்றுவிட்டால், அந்த வருமானம் முழுவதும் விவசாய வருமானமாகிறது. நீங்களே வளர்த்த காப்பியை நீங்களே பதப்படுத்தி விற்றால், இலாபத்தில் 25 சதவீதம் வியாபார வருமானமாகக் கருதப்பட்டு வரிக்கு உட்படும். 75 சதவீதம் விவசாய வருமானம். பதப்படுத்தியதோடு நில்லாமல் வறுத்து அரைத்துத் தூளாக விற்றால், சிக்கரி கலந்தாலும் கலக்காவிட்டாலும், வரிக்கு உட்படும் பங்கு 40 சதவீதமாகிறது. இலாபம் 40 லட்சம் என்று வைத்துக்கொண்டால், பதப்படுத்திய கொட்டையாக விற்பவருக்கு 10 லட்சமும், தூளாக விற்பவருக்கு 16 லட்சமும் வரிக்கணக்கில் சேரும்.

அண்மை ஆண்டுகளில் இளைய தலைமுறையினர் சொந்தப் பெயரில் காப்பித்தூள் விற்பனையைத் தொடங்குவதைப் பார்த்து மகிழ்கிறேன். ஆனால் தேவை கூடும்போது பக்கத்துத் தோட்டத்துக் காப்பியையும் வாங்கி வறுத்து விற்கத் தொடங்கிவிடுகிறார்கள். வாங்கிய காப்பியில் வரும் இலாபத்துக்கு 7பி விதி பொருந்தாது. அது முழுவதும் வியாபார வருமானம். சொந்தக் காப்பிக்கும் வாங்கிய காப்பிக்கும் இருப்புப் பதிவேடு, வறுக்கும் செலவு, விற்பனைப் பட்டியல் ஆகியவற்றைத் தனித்தனியாக வைக்காவிட்டால், சொந்தத் தோட்டத்துக் காப்பிக்குரிய 60 சதவீத விலக்கையும் நிரூபிக்க முடியாமல் போகக்கூடும். வேண்டுமானால் இதற்கென்று ஒரு தனி நிறுவனத்தைத் தொடங்கிவிடுவது நல்லது. ஆனால் தோட்டத்திலிருந்து அந்த நிறுவனத்துக்குப் போகும் காப்பிக்குச் சந்தை விலை போட வேண்டும்.

சில்வர் ஓக்கில் படர்ந்தாலும் வேறு மரத்தில் படர்ந்தாலும், ஊடுபயிரான மிளகின் வருமானம் முழுக்க விவசாய வருமானமே. ஏற்கெனவே பயிரிட்ட பகுதியில் பட்டுப்போன செடிகளுக்குப் பதிலாகப் புதிய செடி நடும் செலவைக் காப்பிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். காப்பி வாரியத் திட்டத்தின்படி வைப்பு வைத்தால் இலாபத்தில் 40 சதவீதம் வரை கழிவு தரும் 33ஏபி பிரிவு பழைய வரிமுறையில் மட்டுமே கிடைக்கும். ஆகவே பெரிய தோட்டக்காரர்கள் முந்தைய கேள்வியின் கணக்கை இதையும் சேர்த்துப் போட்டுப் பார்க்க வேண்டும்.

விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்றால், அதை ஏன் ரிட்டர்னில் காட்ட வேண்டும்?

வரி இல்லை, ஆனால் உங்கள் மற்ற வருமானத்துக்கான விகிதத்தை அது உயர்த்துகிறது. விவசாய வருமானம் 5,000 ரூபாய்க்கு மேலும், மற்ற வருமானம் அடிப்படை விலக்கு வரம்புக்கு மேலும் இருந்தால், இரண்டையும் கூட்டி வரி கணக்கிட்டு, அதிலிருந்து விவசாய வருமானத்தோடு அடிப்படை வரம்பைக் கூட்டிய தொகைக்குரிய வரியைக் கழிக்க வேண்டும்.

ஒருவருக்கு மண்டியில் 20 லட்சமும், வாழப்பாடிப் பக்கம் உள்ள தோப்பில் 10 லட்சமும் வருமானம் என்று கொள்வோம். புதிய முறையில் 30 லட்சத்துக்கு வரி 4,80,000 ரூபாய். 10 லட்சத்தோடு 4 லட்சத்தைக் கூட்டிய 14 லட்சத்துக்கு வரி 90,000 ரூபாய். கழித்தால் 3,90,000 ரூபாய் செலுத்த வேண்டும். தோப்பே இல்லாதிருந்தால் 20 லட்சத்துக்கு வரி 2,00,000 ரூபாய்தான். ஆக, "வரி இல்லாத" 10 லட்சத்தால் 1,90,000 ரூபாய் கூடியிருக்கிறது, செஸ் தனி.

இதைத் தவிர்க்க விவசாய வருமானத்தை மறைப்பவர்களும் உண்டு; மண்டி வருமானத்தை விவசாயம் என்று கூட்டிக் காட்டுபவர்களும் உண்டு. பின்னது மிகவும் ஆபத்தானது. விவசாய வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால், நிலம் எந்த மாவட்டத்தில் எந்த அஞ்சல் குறியீட்டில் இருக்கிறது, எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசன நிலமா மானாவாரியா என்பதையெல்லாம் ரிட்டர்னிலேயே எழுத வேண்டும். மூன்று ஏக்கர் மானாவாரி நிலத்தில் 25 லட்சம் வருமானம் என்று எழுதினால் கிராமப் பயிர்ப் பதிவேடான அடங்கலே அதற்கு எதிரான சாட்சியாகிவிடும். விளக்க முடியாத தொகை என்று முடிவானால், 2025-26ஆம் ஆண்டுக்கு அதன்மேல் சர்சார்ஜ், செஸ் உட்பட 78 சதவீதம் வரி.

தோட்டத்து பங்களாவில் சுற்றுலாப் பயணிகளைத் தங்க வைக்கிறோம். அதுவும் விவசாய நிலத்தில்தானே இருக்கிறது?

கட்டடம் விவசாய நிலத்தில் நிற்பதால் மட்டும் அதன் வருமானம் விவசாய வருமானமாகிவிடாது. பயிரிடுபவர் தங்குவதற்கோ விளைச்சலைச் சேமிப்பதற்கோ பயன்படும் கட்டடத்துக்கே அந்தச் சலுகை. கோடை விழாக் காலத்தில் அறை வாடகையாக வருவது வரிக்கு உட்பட்டதே. உணவு, பணியாளர், முன்பதிவு என்று சேவையோடு நடத்தினால் அதை வியாபாரமாகக் காட்டிச் செலவுகளைக் கழித்துக்கொள்வது முறை.

மாநகராட்சி எல்லைக்கு வெளியே உள்ள விவசாய நிலத்தை விற்கப் போகிறோம். மூலதன ஆதாய வரி (சொத்து விற்ற இலாபத்துக்கான வரி) வருமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நிலப்பத்திரத்தோடு ஒரு வரைபடமும் வேண்டும். கிராமப்புற விவசாய நிலம் மூலதனச் சொத்தே அல்ல என்பதால், அதை எத்தனை கோடிக்கு விற்றாலும் மூலதன ஆதாய வரி இல்லை. எது கிராமப்புறம் என்பதற்கு, அருகிலுள்ள உள்ளாட்சியின் எல்லையிலிருந்து ஆகாய வழியில் நேர்கோட்டுத் தூரத்தைச் சட்டம் அளவாக வைத்திருக்கிறது: மக்கள்தொகை பத்தாயிரத்துக்கு மேல் ஒரு லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டர், ஒரு லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை என்றால் 6 கிலோமீட்டர், பத்து லட்சத்துக்கு மேல் என்றால் 8 கிலோமீட்டர்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சேலம் மாநகராட்சியின் மக்கள்தொகை ஏறத்தாழ 8.3 லட்சம். எனவே மாநகராட்சி எல்லையிலிருந்து 6 கிலோமீட்டருக்குள் உள்ள நிலம், அங்கே நெல்லே விளைந்தாலும், வரிக்கு உட்பட்ட மூலதனச் சொத்து. சாலை வழியாக ஒன்பது கிலோமீட்டர் வருகிறது என்று சொல்லிப் பயனில்லை. சாலைத் தூரம் கணக்கில் வராது. சேலத்தைத் தாண்டினால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். பக்கத்தில் பத்தாயிரத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள பேரூராட்சி இருந்தால் அதன் எல்லையிலிருந்தும் 2 கிலோமீட்டரை அளக்க வேண்டும்.

தூரத்தில் தப்பித்துவிட்ட நிலமும் வேறொரு வழியில் சிக்கிக்கொள்வதுண்டு. மனைப்பிரிவாக அங்கீகாரம் வாங்கி, கல் நட்டு, மனை மனையாக விற்கத் தொடங்கிய பிறகு அதை விவசாய நிலம் என்று நிலைநாட்டுவது கடினம். விற்பதற்கு முன்பு வரை அங்கே பயிர் இருந்ததற்கு அடங்கல், மின் இணைப்பு, விளைச்சல் விற்ற ரசீது ஆகியவை கையில் இருக்க வேண்டும்.

நிலம் 6 கிலோமீட்டருக்குள் இருந்தால் 54பி பிரிவு உதவும். விற்பதற்கு முன் இரண்டு ஆண்டுகள் நீங்களோ உங்கள் பெற்றோரோ அங்கே விவசாயம் செய்திருந்து, விற்ற இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால், அதில் போட்ட தொகை அளவுக்கு ஆதாயத்துக்கு விலக்கு உண்டு. புதிய நிலத்தை மூன்று ஆண்டுகளுக்குள் விற்கக் கூடாது.

அப்பா காலத்து மனையை விற்றால் 12.5 சதவீதமா, 20 சதவீதமா?

2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய நிலம், கட்டடம் என்றால், இந்தியாவில் வசிக்கும் தனிநபரும் கூட்டுக் குடும்பமும் இரண்டையும் கணக்கிட்டுக் குறைவான வரியைச் செலுத்தலாம்: பணவீக்கக் குறியீடு இல்லாமல் 12.5 சதவீதம், குறியீட்டோடு 20 சதவீதம். 2001 ஏப்ரல் 1க்கு முன் குடும்பத்துக்கு வந்த சொத்துக்கு அந்த நாளின் சந்தை மதிப்பை அடக்கவிலையாகக் கொள்ளலாம். ஆனால் அது அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது.

2001இல் 20 லட்சம் மதிப்புள்ள ஒரு மனை. 2001-02இன் குறியீடு 100, 2025-26க்கான குறியீடு 376 என்பதால் அடக்கவிலை 75.2 லட்சமாகிறது. மனையை ஒரு கோடிக்கு விற்றால், 20 சதவீத வழியில் வரி 4,96,000 ரூபாய், 12.5 சதவீத வழியில் 10,00,000 ரூபாய். இரண்டு கோடிக்கு விற்றால், 20 சதவீத வழியில் 24,96,000, 12.5 சதவீத வழியில் 22,50,000. இந்த எடுத்துக்காட்டில் விற்பனை விலை ஏறக்குறைய 1.67 கோடியைத் தொடும்போது இரண்டும் சமமாகின்றன. விலை மெதுவாக ஏறிய இடத்துக்குக் குறியீடும், வேகமாக ஏறிய இடத்துக்கு 12.5 சதவீதமும் சாதகமாக இருக்கும்.

விற்ற பணத்தில் வீடு வாங்கினால் வரி இல்லை என்கிறார்களே?

வீட்டை விற்று வீடு வாங்குவது 54ஆம் பிரிவு. மனை, பங்கு போன்ற வேறு நீண்டகாலச் சொத்தை விற்று வீடு வாங்குவது 54எஃப் பிரிவு. இரண்டிலும் விலக்கு 10 கோடிக்கு மேற்படாது. புதிய வீட்டை, விற்பனைக்கு முந்தைய ஓராண்டுக்குள்ளோ பிந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள்ளோ வாங்க வேண்டும். கட்டுவதானால் மூன்று ஆண்டுகள். முதல் பிரிவில் ஆதாயத்தை மட்டும் முதலீடு செய்தால் போதும். இரண்டாவதில் முழு விலக்குப் பெற, செலவு போக விற்ற தொகை முழுவதையும் போட வேண்டும்.

நம் ஊரில் அதிகம் பேரை வீழ்த்துவது 54எஃப் பிரிவின் இன்னொரு நிபந்தனை. சொத்தை விற்கும் நாளில், புதிய வீட்டைத் தவிர, ஒரு குடியிருப்பு வீட்டுக்கு மேல் உங்கள் பெயரில் இருக்கக் கூடாது. அஸ்தம்பட்டியில் குடியிருக்கும் வீடு ஒன்று, ஏற்காட்டில் கோடைக்குப் போகும் காட்டேஜ் ஒன்று என்றால் அங்கேயே தகுதி போய்விடுகிறது. ஆண்டுக்குப் பத்து நாள் தங்கும் சிறிய வீடு என்பதால் அதை வீடாகவே நினைக்காமல், மனையை ஒன்றரைக் கோடிக்கு விற்றுப் பத்திரமும் முடிந்த பிறகு என்னிடம் வந்த ஒருவருக்கு என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. அந்தக் காட்டேஜை வேலையிலிருக்கும் மகளுக்கு அவர் முன்பே உண்மையாகச் செட்டில்மென்ட் செய்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும். பத்திரம் மகள் பெயரில், வாடகையும் சாவியும் தந்தையிடம் என்ற ஏற்பாடு மட்டும் செல்லாது.

நிலமோ கட்டடமோ விற்றவர் ஆறு மாதத்துக்குள், அரசு நிறுவனங்கள் வெளியிடும் 54இசி கடன் பத்திரங்களில் 50 லட்சம் வரை போடலாம். ஐந்து ஆண்டுகள் எடுக்க முடியாது; வட்டிக்கு வரி உண்டு. வீடு வாங்கும் முன்பே ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கெடு வந்துவிட்டால், வங்கியில் மூலதன ஆதாயக் கணக்குத் திட்டத்தில் பணத்தைப் போட வேண்டும். சாதாரண வைப்புநிதி அதற்கு ஈடாகாது.

பங்குகள், மியூச்சுவல் ஃபண்டுகள், காப்பீட்டுப் பாலிசிகள்: எதில் வரி குறைவு?

பட்டியலிட்ட பங்குகளையும் பங்குசார்ந்த ஃபண்டுகளையும் ஓராண்டுக்கு மேல் வைத்து விற்றால், ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட ஆதாயத்துக்கு 12.5 சதவீதம், ஓராண்டுக்குள் விற்றால் 20 சதவீதம். இவற்றுக்கும் பங்கு ஈவுத்தொகைக்கும் சர்சார்ஜ் 15 சதவீதத்தைத் தாண்டாது என்பது பெரிய வருமானக்காரர்களுக்கு முக்கியமான சலுகை. ஆனால் ஈவுத்தொகைக்கும் வைப்புநிதி வட்டிக்கும் உங்கள் வரிப்படி (ஸ்லாப்) விகிதமே. 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கிய கடன்சார்ந்த ஃபண்டுகளின் ஆதாயத்துக்கும் எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் அதே விகிதம்தான்.

நீண்டகால நட்டத்தை நீண்டகால ஆதாயத்தில் மட்டுமே கழிக்கலாம். குறுகியகால நட்டத்தை இரண்டிலும் கழிக்கலாம். எட்டு ஆண்டுகள் வரை அவற்றைக் கொண்டுசெல்லலாம், ஆனால் கெடுவுக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்திருந்தால் மட்டுமே.

மார்ச் மாதத்தில் வற்புறுத்தி விற்கப்படும் பாலிசிகளைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் எடுத்த பாலிசிகளின் ஆண்டுப் பிரீமியம் மொத்தம் 5 லட்சத்தைத் தாண்டினால் முதிர்வுத் தொகையின் விலக்கு போய்விடும்; பங்குச்சந்தையோடு இணைந்த காப்பீடான யூலிப்புக்கு, 2021 பிப்ரவரி 1 முதல் எடுத்தவை என்றால், அந்த வரம்பு 2.5 லட்சம். வரிக்காக மட்டும் அவற்றை வாங்காதீர்கள்.

மனைவி, மருமகள் பெயரில் முதலீடு செய்தால் வரி பிரியுமா?

பிரியாது. மனைவிக்கோ மருமகளுக்கோ கொடுத்த பணத்திலிருந்து வரும் வருமானம் 64ஆம் பிரிவின்படி கொடுத்தவரின் கணக்கிலேயே சேரும். மைனர் பிள்ளையின் வட்டி வருமானமும், பழைய முறையில் மட்டும் உள்ள ஆண்டுக்கு 1,500 ரூபாய் விலக்குப் போக, பெற்றோரில் கூடுதல் வருமானம் உள்ளவரிடம் சேரும். உங்களுக்குக் கணிசமான பங்கு உள்ள பட்டறையில், தொழில்தகுதி இல்லாத மனைவிக்குக் கொடுக்கும் சம்பளத்துக்கும் இதே நிலைதான்.

பதினெட்டு வயது நிறைந்த மகன், மகளுக்கும், பெற்றோருக்கும் கொடுப்பது அப்படிச் சேராது. கொடுக்கும்போதும் நெருங்கிய உறவினருக்குள் வரி இல்லை. வருமானம் குறைந்த மூத்த பெற்றோரின் பெயரில் வைப்புநிதி போடுவது சட்டம் முழுமையாக அனுமதிக்கும் வழி. ஆனால் அந்தப் பணம் உண்மையிலேயே அவர்களுடையதாகிவிடும், அவர்களுக்குப் பின் எல்லா வாரிசுகளுக்கும் உரியதாகும் என்பதை ஏற்றுக்கொண்டே கொடுக்க வேண்டும்.

கூட்டுக் குடும்பத்துக்குத் தனி பான் எடுப்பது பயன் தருமா?

பூர்வீகச் சொத்து உண்மையிலேயே இருந்தால் தரும். அதற்குத் தனியாக 4 லட்சம் அடிப்படை விலக்கும் வரிப்படிகளும் உண்டு. தந்தை தாமே சம்பாதித்து உயில் எழுதாமல் விட்டுச்சென்ற சொத்து மகனுக்குத் தனிச் சொத்தாகவே வரும் என்பதை உச்ச நீதிமன்றம் 1986இலேயே தெளிவாக்கிவிட்டது. அதைக் கூட்டுக் குடும்பச் சொத்தாகக் காட்ட முடியாது. உங்கள் சொந்தப் பணத்தைக் குடும்பக் கணக்கில் போட்டாலும் அதன் வருமானம் உங்களிடமே சேரும். பிரிவினை செய்வதானால் முழுமையாகச் செய்ய வேண்டும். 1978க்குப் பிந்தைய பகுதிப் பிரிவினையை வரிச் சட்டம் ஏற்பதில்லை. மகள்களுக்கும் இதில் சம உரிமை உண்டு. தமிழ்நாடு அந்தத் திருத்தத்தை 1989இலேயே கொண்டுவந்தது.

பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை எழுதி, மீதியை ரொக்கமாக வாங்கிக்கொள்ளலாமா?

கூடாது. சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் வரக்கூடும். அதோடு, வங்கியில் வராத பணத்தைக் காட்டி 54ஆம் பிரிவில் விலக்குப் பெறவோ, பிள்ளைகளின் படிப்புக்கோ முதலீட்டுக்கோ கணக்குக் காட்டவோ முடியாது. எழுதிய விலை வழிகாட்டி மதிப்புக்குக் கீழே இருந்து, அந்த மதிப்பு எழுதிய விலையின் 110 சதவீதத்தைத் தாண்டினால், விற்றவருக்கு வழிகாட்டி மதிப்பே விலையாகக் கொள்ளப்படும். வாங்கியவருக்கும் அந்த வித்தியாசம் வருமானமாகும்.

ஆடிட்டரிடம் எப்போது வர வேண்டும், எதைக் கொண்டுவர வேண்டும்?

சொத்து விற்பனை என்றால் அட்வான்ஸ் வாங்கும் முன்பே வாருங்கள். மூலப்பத்திரம், பட்டா, சிட்டா, கடந்த சில ஆண்டுகளின் அடங்கல், 2001 ஏப்ரலின் வழிகாட்டி மதிப்புக்குச் சார்பதிவாளர் அலுவலகச் சான்று, உங்கள் பெயரிலுள்ள எல்லா வீடுகளின் விவரம் ஆகியவை வேண்டும். வெளிநாட்டுப் பங்குகளோ வங்கிக் கணக்கோ இருந்தால், வருமானம் இல்லாவிட்டாலும் அவற்றின் பட்டியல் வேண்டும். மொத்த வருமானம் ஒரு கோடியைத் தாண்டினால் சொத்து, கடன் பட்டியலை ரிட்டர்னிலேயே இணைக்க வேண்டும் என்பதால், நகைகளின் விவரத்தையும் எழுதி வையுங்கள்.

மற்ற வருமானத்துக்கு முன்கூட்டி வரித் தவணைகளைப் பின்பற்றி வந்தால் போதும்: ஜூன் 15க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15க்குள் 45, டிசம்பர் 15க்குள் 75, மார்ச் 15க்குள் முழுவதும். நிலம் விற்ற ஆதாயம் எதிர்பாராமல் டிசம்பர் இறுதியில் வந்தால், அதற்குரிய வரியை மார்ச் தவணையில் செலுத்திவிட்டால் முந்தைய தவணைகளுக்கு வட்டி கிடையாது.